சாம்பார் ஏறிய வண்டி

நான் வண்டியில் ஹாரன் அடிப்பதில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் இப்படிச் சொன்னால், மீன் விற்கிறவன் மீனைத் தொடுவதில்லை என்று சொன்ன மாதிரிதான் இருக்கும். ஆனால் உண்மை. ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று சத்தம் போட எனக்குக் கூச்சம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

இதே கூச்சத்தால் ஆள் கூப்பிடவும் வராது. ஸ்டாண்டில் மற்றவர்கள் "மேடவாக்கம், மேடவாக்கம்" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். யாராவது வந்து "இது மேடவாக்கம் போகுமா?" என்று கேட்டால் தலையாட்டுவேன். அதனால் என் வண்டி நிறைவதற்கு நேரமாகும். நிறையாமல் எடுக்கவும் முடியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் செல்போனைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிறகு இறங்கிப் பின்னால் நிற்கிற வண்டிக்குப் போய்விடுவார்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து எனக்குக் கிடைத்த பெயர், பொறுமைசாலி. எங்கள் குடும்பத்தில் எங்கே வரிசை இருந்தாலும் அதில் நிற்பது நான்தான். ரேஷன் கடை, ஆதார் சென்டர், ஆஸ்பத்திரி டோக்கன், மைத்துனன் மகனுடைய பள்ளிக்கூட அப்ளிகேஷன், எல்லாம். "அவர் நிப்பாரு. அவருக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று என் மனைவி தன் அக்காவிடம் போனில் பெருமையாகச் சொல்வாள்.

பொறுமையா, எனக்கா? முன்னால் ஒரு கார் நடுரோட்டில் மெதுவாகப் போனால், அதை ஓட்டுகிறவரை, அவருக்கு லைசென்ஸ் கொடுத்தவரை, லைசென்ஸ் கொடுத்தவருக்குப் பெண் கொடுத்தவரை எல்லாம் வரிசையாக மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவேன். வாய் மட்டும் திறக்காது. பார்க்கிறவர்களுக்கு அது பொறுமை.

போன கல்யாண சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த நாள். காலை வெயில் ஏறிவிட்டது. என் வண்டியில் இரண்டே பேர். ஒருவர் கோவிலம்பாக்கத்தில் குடியிருக்கும் டீச்சர் அம்மா. தாம்பரத்தில் சர்ச் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர். இன்னொருவர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன் மாதிரி தெரிந்தார். காலில் புத்தம் புதிய வெள்ளை ஷூ. போனில் யாரிடமோ "ஆன் தி வே, ஆன் தி வே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

"டிரைவர், எடுப்பா" என்றார் டீச்சர். "இன்னைக்குப் பிரசங்கமே பொறுமையைப் பத்தித்தான். ஆனா அது சர்ச்சுக்குள்ளேயே முடிஞ்சு போச்சு."

அப்போதுதான் ஸ்டாண்டுக்குள் ஒருவர் ஓடி வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டு வேட்டி. வேட்டியின் முன்பக்கம் முழுக்க மஞ்சளாக ஒரு பெரிய கறை. அவருக்குப் பின்னால் மெஸ்காரர்கள் இரண்டு பேர் ஒரு எவர்சில்வர் அண்டாவைக் காது பிடித்துத் தூக்கி வந்தார்கள். மூடியை மீறி ஆவி வந்தது. முருங்கைக்காய் சாம்பார் என்று எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது.

"அண்ணா, இங்க யாரு மெதுவா வண்டி ஓட்டுவாங்க?" என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

எங்கள் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி. ஸ்டாண்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாக் கையும் என் பக்கம் நீண்டது.

"மெதுவா ஓட்றதுக்கா? தோ கீறாரு பாரு எங்க அண்ணாத்த. நடந்து போறவனே அவர ஓவர்டேக் பண்ணிகினு போவான்."

"சார், அவரு வண்டில பால் ஏத்துனா தயிராத்தான் எறக்குவாரு. சாம்பார் இன்னா ஆவும்னு தெரியல."

சிரிப்பு. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

நடந்தது இதுதான். கோவிலம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் அவருடைய அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வேன் வரும் என்றார்கள். அவர் சமையல்காரரிடம் ஒரு வேனுக்குத்தான் சொல்லியிருந்தார். வந்தது இரண்டு வேன். சாதம் வடித்துவிடலாம். சாம்பாருக்கு எங்கே போவது? பக்கத்து ஓட்டல்களில் அண்டாக் கணக்கில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். தாம்பரத்தில் அவருக்குத் தெரிந்த மெஸ்காரர் ஒருவர்தான் ஒப்புக்கொண்டார். நண்பருடைய பைக்கில் வந்து, சாம்பாரை வாங்கி, கிடைத்த ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். அந்த ஆட்டோக்காரர் சேலையூர் தாண்டுவதற்குள் இரண்டு ஸ்பீட் பிரேக்கரில் முக்கால் அண்டாவைக் கொட்டிவிட்டார். திரும்பி வந்து மறுபடி நிரப்பிக்கொண்டு நிற்கிறார். வேட்டியில் இருப்பது முதல் சாம்பார்.

நியாயமாக, வண்டியில் இருந்த இரண்டு பேரையும் இறக்கிவிட்டு அவரை மட்டும் ஏற்றியிருக்க வேண்டும். அவர்களிடம் எப்படிச் சொல்வது? நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"நான் எறங்க மாட்டேன்" என்றார்.

"காலி சீட்டுக்கெல்லாம் நானே குடுத்துடறேன் அண்ணா, கிளம்புங்க" என்றார் வேட்டிக்காரர். அண்டா இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இறங்கியது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் வைக்க இடமில்லாமல் வெள்ளை ஷூக்காரர் முழங்காலை நெஞ்சு வரைக்கும் மடக்கிக்கொண்டார். டீச்சர் தன் குடையின் கைப்பிடியால் மூடியை அழுத்திப் பிடித்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே செய்தார்.

"அண்ணா, சீக்கிரம் போகணும். ஆனா ஒரு சொட்டு சிந்தக்கூடாது" என்றார் வேட்டிக்காரர்.

வண்டியை எடுத்தேன். நேரான ரோடு வந்தால் "வேகமா போங்க அண்ணா, வேகமா" என்பார். முன்னால் ஒரு பள்ளம் தெரிந்தால் "ஐயோ மெதுவா, மெதுவா" என்பார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின ரோட்டில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் நான் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி இறக்கி, பிறகு அடுத்த பக்கத்தை ஏற்றினேன். பின்னால் வந்த எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. அது எனக்குப் பழக்கம்தான்.

அவருடைய போன் அடித்தது. இரண்டு கையும் அண்டாவில் இருந்ததால் வெள்ளை ஷூக்காரர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தார்.

"டேய், எங்கடா இருக்க?" அண்ணன்காரர் குரல்.

"மேடவாக்கம் வந்துட்டேண்ணா. திரும்பினா மண்டபம்."

"ஏம்ப்பா பொய் சொல்றே?" என்றார் டீச்சர். "இன்னும் செம்பாக்கமே வரல."

"யாருடா அது பொம்பளை குரல்?"

"அது... சாம்பாரைப் பிடிச்சிட்டிருக்காங்கண்ணா."

"உன்கிட்ட ஒரு வேலையைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பிறகு வேட்டிக்காரர் அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கண்ணன் எப்பவும் என்கிட்ட எதுவும் குடுக்க மாட்டாரும்மா. நான் சொதப்பிடுவேன்னு சொல்வாரு. இந்தத் தடவை பொண்ணுதான், 'சாப்பாடு சித்தப்பா பாத்துக்கட்டும்பா'ன்னு அடம் புடிச்சா. சின்னப் புள்ளையில நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச பொண்ணு. இப்ப அவ மேடையில உக்காந்திருக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெறும் சோத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க."

டீச்சர் குடையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "நீ போப்பா டிரைவர்" என்றார். இந்தத் தடவை அதட்டலாக இல்லை.

மேடவாக்கம் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் மாட்டினோம். ரொம்ப நேரம் சிவப்பு. ஒருவழியாகப் பச்சை விழுந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளை கார் அசையவில்லை. ஓட்டுகிறவர் குனிந்து செல்போனில் எதையோ பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"அண்ணா, ஹாரன் அடிங்க" என்றார் வெள்ளை ஷூக்காரர்.

அண்டாவைக் கட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் என் கட்டைவிரல் தானாகவே போய் ஹாரனை அழுத்தியது.

சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை.

ஹாரன் செத்துப் போயிருந்தது. எப்போது செத்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாகவும் இருக்கலாம். நான்தான் அந்தப் பக்கமே போகவில்லையே.

"அடிப்பா!" என்றார் டீச்சர்.

"அடிச்சேன் டீச்சர். வரல."

வெள்ளை ஷூக்காரர் தன் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்டாவின் பக்கத்தில் ஓங்கி அடித்தார். ணங், ணங் என்று பள்ளிக்கூட மணி மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டதும் டீச்சருக்கு என்ன தோன்றியதோ, வெளியே தலையை நீட்டி, "ஏய் வெள்ளை கார்! அங்க என்ன சிரிப்பு? முன்னாடி பாரு!" என்று வகுப்பறைக் குரலில் ஒரு அதட்டல் போட்டார். அதற்கு மேல் இன்னொரு குரல் கேட்டது.

"யோவ்! உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் எவன்யா? அவனுக்குப் பொண்ணு குடுத்தவன் எவன்யா? எடுய்யா வண்டிய!"

யாருடா இது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்த மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் மனசுக்குள் ஓடுவது, வழி தவறி வெளியே வந்துவிட்டது.

கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. நாங்களும் சிவப்பு விழுவதற்குள் இடது பக்கம் திரும்பிவிட்டோம். என் காது சுட்டது.

"ஏம்ப்பா" என்றார் டீச்சர் கொஞ்ச தூரம் கழித்து, "இத்தனை நாளா இதையெல்லாம் உள்ளேயேவா வச்சிருந்தே?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

மண்டபத்தில் பந்தி உட்கார்ந்துவிட்டது. வாசலிலிருந்தே தெரிந்தது. இலை நிறையச் சாதம். ஒவ்வொருவரும் சாதத்தின் நடுவே குழி பறித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தைக் கடத்துவதற்காகப் பரிமாறுகிறவர் கேட்காதவர்களுக்கும் நெய்யை ஊற்றிக்கொண்டே போனார். ஒரு பெரியவர், மாப்பிள்ளை வீட்டில் முக்கியமானவர் போலிருக்கிறது, பொரியலையே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன்காரர் வாசலில் நின்றார். அண்டா இறங்கியதும் மூடியைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் அப்படியே நின்றது சாம்பார். பிறகு தம்பியின் வேட்டியைப் பார்த்தார்.

"இது என்னடா?"

"அது முன்னாடி வாங்கின சாம்பாருண்ணா."

அண்ணன்காரர் உதடு துடித்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தம்பியும் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் ஒரு வாளியை எடுத்து, தன் கையாலேயே அண்டாவில் முக்கி, பந்திக்குள் போய் அந்தப் பெரியவருடைய குழியில் முதலில் ஊற்றினார். எங்கள் மூன்று பேரையும் பிடித்து இழுத்துக் கடைசி இலைகளில் உட்கார வைத்தார்கள். டீச்சர் "வீட்ல சமைச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். வெள்ளை ஷூக்காரர் போனில் "ஆன் தி வே" என்றார்.

காலி வாளியோடு பந்தியிலிருந்து திரும்பி வரும்போது அண்ணன்காரர் தம்பியிடம், "ஐஸ்கிரீம் எடுத்துட்டு வர ஆள் போகணும். கடையில சொல்லி வச்சிருக்கு" என்றார். யாரை அனுப்பலாம் என்று சுற்றிலும் பார்த்தார். அங்கே நான்கைந்து பேர் சும்மாதான் நின்றார்கள். "நீயே போயிட்டு வந்துடு" என்றார்.

தம்பிக்காரர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர் நேராக என்னிடம் வந்தார். நானும் பாதி எழுந்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், வெயிலைப் பார்த்தார்.

"நீங்க உக்காந்து பொறுமையா சாப்பிடுங்கண்ணா" என்றார். "அது... ஐஸ்கிரீமு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, பறந்து வந்த ஒரு ஆட்டோவைக் கை நீட்டி நிறுத்துவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

நாங்கள் மோருக்கு வருவதற்குள் அவர் திரும்பிவிட்டார். கப்புகள் இலைக்கு இலை வந்தன. ஐஸ்கிரீம் கல்லாக இருந்தது. டீச்சரின் மரக்கரண்டி இரண்டாக உடைந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டத் தொடங்கினார். அவரைப் பார்த்து எல்லோரும் உருட்டினார்கள். பந்தியே கப்பை உருட்டிக்கொண்டு, இளகட்டும் என்று காத்திருந்தது.

அண்ணன்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டேய், இவ்வளவு சீக்கிரம் யாருடா உன்னை வரச் சொன்னது?" என்றார். சொல்லிவிட்டு ஒரு கப்பை எடுத்துத் தம்பி கையில் திணித்து, "நீ இன்னும் சாப்பிடலல்ல, உக்காரு" என்று எனக்குப் பக்கத்தில் இலை போடச் சொன்னார்.