பிள்ளைத்தாய்ச்சி வீட்டு நாய்

எழுபதுகளில் மெல்போர்னுக்கு வந்த தமிழர்கள் வீடு வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். என் கணவர் ஏழு நாய்களுக்குச் சொந்தக்காரரானார். ஸ்பிரிங்வேலைத் தாண்டி மலையடிவாரப் பக்கம் போனால் காணி மலிவு என்று யாரோ சொல்ல, ஒரு பழைய மரவீட்டைப் பார்க்கப் போனோம். விற்றவர் நோர்வேக்காரக் கிழவர். காணியோடு ஒரு கொட்டில் இருந்தது, கொட்டிலுக்குள் பனியில் வண்டி இழுக்கும் நாய்கள் இருந்தன. தான் மகளிடம் போகப்போவதாகவும், நாய்களுக்கு ஓர் ஆள் கிடைக்கும் வரை பார்த்துக்கொள்ளும்படியும் கிழவர் கேட்டார். கடைசியில் கிடைத்த ஆள் என் கணவர்தான்.

அவர் கார்த் தொழிற்சாலையில் பொறியியலாளர். யாழ்ப்பாணத்தில் தெருவில் நாயைக் கண்டால் குனிந்து கல்லெடுத்தவர். அந்த மனிதர், ஒரு குளிர்காலம் முடிவதற்குள் நாய்ப் பைத்தியமாகிவிட்டார். போவதற்கு முன் கிழவர் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். பனி இல்லாத மாதங்களில் என் கணவர் நாய்களை மூன்று சக்கர வண்டியில் பூட்டிக் காட்டுப் பாதையில் ஓட்டினார். பனி விழுந்ததும் வான் வண்டியில் நாய்களை அடைத்துக்கொண்டு மலைக்குப் போவார். அங்கே ஒரு விடுதிக்குக் கீழேயே கார்கள் நின்றுவிடும். விருந்தாளிகளின் பெட்டிகளையும் சாப்பாட்டுச் சாமான்களையும் மேலே இழுத்துக் கொடுப்பது எங்கள் நாய்களின் வேலை. வலம், இடம், பொறு என்று தமிழிலேதான் கட்டளை. வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். நாய்கள் சிரிக்கவில்லை, திரும்பச் சொன்ன பக்கம் திரும்பின.

நானும் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையில் கழித்துவிட்ட கார் இருக்கைப் பட்டிகளை அவர் கொண்டுவந்து தருவார், நாய்களை வண்டியில் பூட்டும் வார்களை அவற்றின் மார்புக்கு அளவாக நான் தையல் இயந்திரத்தில் தைப்பேன். பட்டி உரசும் இடத்தில் ஆட்டுத்தோல் வைத்துத் தைப்பது நான் கண்டுபிடித்த வித்தை. ஆனால் இறைச்சி வெட்டுவதுதான் பெரும் பாடு. நான் மச்சம் மாமிசம் தொடாதவள். உறைந்து கல்லாகக் கிடக்கும் குதிரை இறைச்சியைக் கோடாலியால் பிளந்து போட்டுவிட்டு, வெளிக் குழாயில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் குசினிக்குள் கால் வைப்பேன். அந்தக் குளிரை நினைத்தால் இப்போதும் பல் கிட்டுகிறது. என் கணவர் கதவடியில் நின்று வேடிக்கை பார்ப்பார். உம்முடைய சாமிக்கும் விசா கிடைச்சிட்டுதோ என்று கேட்பார். விரதம், சகுனம், தீட்டு எல்லாம் அவருக்குப் பகிடி.

கோடையில் நாய்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது. தண்ணீர்த் தாங்கியின் கீழ் குழி தோண்டி, ஈர மண்ணில் வயிற்றை வைத்துக்கொண்டு மூச்சிரைக்கும். வேறு தேசத்துப் பிராணிகளைக் கட்டிவைத்து வதைக்கிறோமே என்று எனக்கு உறுத்தும். ஆனால் முதல் குளிர்காற்று அடித்ததும், பூட்டும் வாரை நான் கையில் எடுத்ததும், ஏழும் வானத்தைப் பார்த்து ஊளையிடும். அதைக் கேட்டால் எந்த உறுத்தலும் பறந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது ஒரு காது மடிந்த சாம்பல் நிறக் கடுவன் நாய். மற்ற நாய்கள் பலத்தால் இழுத்தன, அவன் புத்தியால் இழுத்தான். என் கணவர் என்னோடு பேசியதைவிட அவனோடு பேசியது அதிகம். எனக்கு அதில் எரிச்சல் இருந்தது. ஆனால் அவனுக்கு முதல் இறைச்சித் துண்டு போட்டதும் நான்தான்.

அந்த வருடம் நான் பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஒன்று கொழும்பில், ஒன்று இங்கே வந்த பிறகு, இரண்டும் ஐந்தாம் மாதத்தில். அதனால் குலுங்கும் பாதையில் போகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் வீட்டில் இருந்தேன். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஓகஸ்ட் மாதம், மலையில் பனிமூட்டம். வெறும் வண்டியோடு நாய்கள் இறங்கி வந்துகொண்டிருந்தபோது, வளைவில் பனியில் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டி ஒன்று மேலே ஏறி வந்திருக்கிறது. ஓட்டியவனுக்கும் தெரியவில்லை, என் கணவருக்கும் தெரியவில்லை. முன்னால் வந்த சாம்பல் கடுவனின் இடுப்பில் அது ஏறியது. மற்ற நாய்களுக்குக் கீறலும் இல்லை. மலையடியில் இருந்த மிருக வைத்தியர் தடவிப் பார்த்து, முதுகெலும்பு போய்விட்டது, இனிப் பின்னங்கால்கள் வராது, ஊசி போடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய நல்லது என்று சொல்லியிருக்கிறார். இவர் மறுத்துவிட்டு, கம்பளியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஏன் என்று கேட்டேன். கராஜில் சாக்குகளை விரித்து அவனைக் கிடத்தியபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"நீர் பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை நான் ஒரு உயிரை எடுக்கமாட்டன். எடுக்கச் சொல்லவும் மாட்டன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது கணவன் பாம்பைக்கூட அடிக்கக்கூடாது, அடித்தால் அந்தப் பழுது பிள்ளையில் விழும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கைதான். என் தாய் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவர் இவர். இரண்டு பிள்ளைகள் போன பயமா, நாயை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்ட சாக்குப்போக்கா என்று அன்றைக்கே யோசித்தேன். இரண்டும் கலந்திருக்கலாம். அவரிடம் கேட்டிருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்காது.

பிள்ளை பிறக்க நவம்பர் ஆகும். அதுவரை பொறுத்துக்கொள்வோம் என்றார். பொறுக்க வேண்டியவர் அவர் இல்லை. காலையில் வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுவதும் நானும் அவனும். சிறுநீர் தானாகப் போகாது, என் வயிறு இடிக்கக் குனிந்து அவன் அடிவயிற்றை அமுக்கிவிட வேண்டும். பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். மாற்றினாலும் புண் வந்தது. புண் வந்தால் இலையான் மொய்த்தது. வெயில் ஏற ஏற கராஜில் நாற்றம் தாங்கமுடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவுவேன், அவன் என் கையை நக்குவான். நக்காமல் கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாலையில் இவர் வந்து ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அவனுக்குச் சூப் பருக்குவார். நாளைக்கு எழும்பிவிடுவாய் என்பார். மலைக்குப் போவது நின்றுபோயிற்று. மற்ற ஆறும் கட்டிய இடத்தில் வட்டமிட்டு வட்டமிட்டுப் புல்லைத் தேய்த்தன. இந்தப் பிராணியைப் போக விடுங்கள் என்று நான் பலமுறை சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்ன இரவு அவர் சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பகல், தண்ணீர் வைக்கப் போனபோது அவன் தலையைத் திருப்பி எதையோ மென்றுகொண்டிருந்தான். அவனுடைய பின்னங்கால். அதில் உணர்ச்சி இல்லாததால் அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் இரத்தம் பூசிய வாயோடு வாலிருந்த பக்கத்தைப் பார்த்தான். வாலை ஆட்டப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

தண்ணீர்ப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வேலியைச் சுற்றிப் பக்கத்துக் காணிக்கு நடந்தேன். அங்கே செம்மறி வளர்க்கும் ஒருவர் இருந்தார். எங்களோடு அதிகம் பேசாதவர், நாய்களை அறவே பிடிக்காதவர். அவரிடம் நரி சுடும் துவக்கு இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு வேறெங்கோ பார்த்தார். உன் கணவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

கராஜுக்குள் வந்து அவனைப் பார்த்ததும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். என்னை வீட்டுக்குள் போகச் சொன்னார். நான் போகவில்லை. தெரிந்த கை ஒன்று இல்லாமல் அவன் போவதை என்னால் ஏற்கமுடியவில்லை. சாக்கில் உட்கார்ந்து, மடிந்த காதைத் தடவிக்கொண்டு, பொறு பொறு என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கையை எடு என்று அவர் சொன்னதும் எடுத்தேன். சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. வயிற்றில் பிள்ளை துள்ளியதை நான் மறைக்கவில்லை, துள்ளியது. பிறகு சரியாகிவிட்டது. அவர் கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டினார், நான் குளித்து விளக்கேற்றினேன். பயமாக இல்லை. அத்தனை நாட்களுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு விட்டேன்.

இவர் வந்து வெறும் சாக்குகளைப் பார்த்தார். புதுமண்ணைப் போய்ப் பார்த்தார். குசினி வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவனை ஆர் பிடிச்சுக்கொண்டிருந்தது?"

"நான்தான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கும் வாய் இருக்கிறது. அவரோ தேநீர் போட்டுத் தந்தார், உடுப்புத் தோய்த்தார், வாளி தூக்க விடவில்லை. மற்ற ஆறு நாய்களையும் மலையில் இருந்த ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, கொட்டிலைப் பூட்டினார். சாப்பிடும்போதும் ரேடியோ கேட்கும்போதும் அவருடைய கண் என் வயிற்றிலேயே இருந்தது. பிள்ளை உதைக்கிறதா என்று அடிக்கடி கேட்டார். உதைக்கிறது என்றேன். எங்கே, எனக்குக் காட்டும் என்பார். ஆசையில் கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். நான் அவ்வளவு முட்டாள்.

நவம்பரில் பெண்பிள்ளை பிறந்தது. அந்தக் காலத்தில் கணவன்மாரைப் பிரசவ அறைக்குள் விடுவதில்லை. எல்லாம் முடிந்து, கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றி என் பக்கத்தில் கிடத்திய பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள். நல்ல சுகமான பிள்ளை, தகப்பனிடம் கொடு என்று நர்ஸ் சொன்னாள். நான் தூக்கிக் கொடுத்தேன்.

அவர் கட்டில் விளிம்பில் பிள்ளையைக் கிடத்தினார். துணியைக் கால் பக்கமிருந்து அவிழ்த்தார். சின்னப் பாதம் ஒன்றைப் பிடித்து, உள்ளங்காலில் நகத்தால் கிள்ளினார். பிள்ளை காலை உதறி வீரிட்டு அழுதது. பிறகு மற்றக் காலையும் எடுத்துக் கிள்ளினார். அதுவும் உதறியதைக் கண்ட பிறகு, கட்டில் காலடியிலேயே முழங்காலிட்டு, அந்தப் பாதங்களில் முகத்தை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். பிள்ளையின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. நான் பிள்ளையை அவரிடமிருந்து வாங்கி, கால்களை மூடித் துணியைச் சுற்றினேன்.