கிள்ளானில் மூன்று ராஜாவும் இரண்டு எட்டும்

ஆறு வருடமாகத் தீபாவளிக்கு வசந்தா அழைப்பாள். வேலை என்று சொல்லித் தவிர்ப்பேன். இந்த முறை ஈப்போவிலிருந்து கிளம்பியது தங்கைப் பாசத்தால் அல்ல, போக்கரில் தன்னை அடிக்க ஆளில்லை என்று பீற்றிக்கொள்ளும் அவள் கணவன் சேகரைத் தோற்கடிக்க.

முதல் நாளே ரயிலில் தலைநகருக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்தேன், 110 ரிங்கிட். தங்கை வீட்டில் படுக்க மனமில்லை. காலை கொமுட்டர் ரயிலில் கிள்ளான், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து பண்டமாரானுக்கு வாடகைக் கார், 14 ரிங்கிட். ஓட்டுநர் வழியெல்லாம் நெரிசலைத் திட்டினார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

சேகர் வீட்டு ஆட்டத்தில் காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். மதியம் என் கையில் இரண்டு ராஜா. மேசையில் விரித்த மூன்று சீட்டு: ராஜா, எட்டு, எட்டு. ஃபுல் ஹவுஸ், அநேகமாகத் தோற்கவே முடியாத கை. சேகரே பந்தயம் கட்டி மாட்டட்டும் என்று கட்டாமல் விட்டேன். அவனும் விட்டான். நான்காவது சீட்டிலும் அப்படியே. கடைசிச் சீட்டில் கட்டினேன், ஆட்டத்தை விட்டுச் சீட்டைப் போட்டுவிட்டான். கிடைத்தது ஒரு பிடி வில்லை.

நான் திருப்பிக் காட்டிய சீட்டைப் பார்த்துச் சிரித்தான். “இதை வச்சிக்கிட்டா சும்மா இருந்தீங்க மச்சான்? ஒன்னும் இல்லன்னுல நெனச்சேன் லா.”

எரிச்சலில் வாயைவிட்டு வந்துவிட்டது. “உன் மக கல்யாணத்துல தாய்மாமன் மாலைய உன் தம்பி கையில குடுத்தியே, அப்பவும் சும்மாதான் இருந்தேன்.”

சேகர் சிரிப்பை நிறுத்தினான். “கடைசி வரிசையில உக்காந்திருந்தீங்க. மேடை மேல வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். முகூர்த்தம் போவுதுன்னு ஐயரு சத்தம் போட்டாரு.”

கைபிடித்து அழைத்துப்போக யாராவது வருவார்கள் என்று நான் அங்கே காத்திருந்தேன். முறுக்குத் தட்டோடு நின்ற வசந்தா சொன்னாள், “அந்தச் சம்பந்தம் ஒனக்குப் புடிக்கலன்னு நெனச்சிட்டோம்ணே.”

ஆறு வருடம் நான் வளர்த்த பகை எதிராளிக்குத் தெரியவே இல்லை. வசந்தாவுக்கு ஒரே மகள். அந்த மாலை இனி என் கைக்கு வராது.

போகிறவர்களுக்கு: தீபாவளி வாரத்து ரயில் சீட்டை ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். விளையாடுகிறவர்களுக்கு: பலமான கை வந்தால் முதலிலேயே கட்டுங்கள். எதிராளி ஓடிப்போனாலும் பரவாயில்லை.

பண்டமாரானிலிருந்து பூச்சோங் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், காருக்கு 45 ரிங்கிட். மறுநாள் காலை அங்கே வசந்தா மகளின் வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்தினேன். யாரும் என்னை அழைத்திருக்கவில்லை.