பின்வாசல் வழியாக நுழைந்தால் காலியாக இருந்த வீடு

ஓசூரில் கம்பெனி பஸ் ஏறும் இடத்தில் டீ குடித்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர், "ஏங்க, ஒரு செருப்ப விட்டுட்டுப் போறீங்களே" என்றார். குனிந்து பார்த்தேன். இடது கால் ஈர மண்ணில் வெறுமனே இருந்தது. அந்த ஈரம் எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை.

அதுதான் என் நோயின் தொடக்கம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் தளர்ந்துபோவது) என்றார்கள். எனக்கு அடைப்பு வலப்பக்க மூளையில். இடது கையையும் காலையும் அந்தப் பக்க மூளைதான் நடத்துகிறது என்பதை நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன். சீக்கிரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. பிழைத்தேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். பேரிகை ஊர்ப் பக்கத்து ஆள். இருபது வருடமாக ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் (பாரம் தூக்கி அடுக்கும் வண்டி) ஓட்டினேன். அதிகம் பேசுகிறவன் இல்லை. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே நோயிலிருந்து எழுந்து, "எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் யாராவது இதைப் படிக்கக்கூடும்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு பகல் முழுவதும் வீட்டில் கிடந்தேன். லைன் வீட்டில் ஒரே அறை. என்னோடு வேலை பார்க்கும் அன்வர், அடுத்த ஷிஃப்டில் அதே வண்டியை ஓட்டுகிறவன், பார்க்க வந்தான். விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். என் போனை வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான்.

"சண்டயெல்லாம் போடாத ண்ணே. மரம் வெட்டு, மீன் புடி, அத வித்து வீடு கட்டு. அது உன் வீடு. யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

அதில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் ஆடுகிறார்கள். அவரவருக்கு ஓர் ஆள், அவரவருக்கு ஒரு வீடு. எனக்கு இடது கை சரியாகப் பிடிக்காது என்பதால் பொத்தான்களையெல்லாம் அன்வர் திரையின் வலப்பக்கத்துக்கு மாற்றினான். காட்சி சுழன்றால் தலை சுற்றியது. அதையும் சுழலாதபடி நிறுத்தி வைத்தான். வாசலில் நுழைந்தால் என் ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்து அறை தெரியும். வெளியே போக ஒரு பொத்தான்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அந்த வீட்டில் நான் இஷ்டத்துக்கு அடித்தேன். கட்டிலுக்கு மட்டும் ஒன்பது நாள் மரம் வெட்டினேன். தரைக்குச் செங்காவி நிறம், சுவருக்குப் பச்சை. மீன் தொட்டி, அலமாரி, சுவர்க் கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வைத்தேன். மனைவி மாதம்மாவிடம் காட்டினேன். "இங்க ஒரு தட்டக் கழுவ ஆளில்ல, அங்க அலமாரி கேக்குதா?" என்றாள். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

மற்றவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். ஒருநாள் யாரோ ஒரு பெண் நுழைந்து, கன்னடத்தில், ஏன் பாதி வீடுதான் இருக்கிறது என்று கேட்டார். இன்னும் வேலை முடியவில்லை என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். கூச்சமாக இருந்தது. உடனே வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் கை பலம் திரும்பியது. நடை திரும்பியது. மருத்துவர் நடக்கச் சொன்னார், விரலைப் பிடிக்கச் சொன்னார், ரத்த அழுத்தம் பார்த்தார். "வேற ஏதாவது தொந்தரவு?" என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்த வாரம்தான் வீட்டுக்குப் பின்வாசல் வைத்தேன். வைத்த சந்தோஷத்தில் அதன் வழியாக உள்ளே போனேன். அறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கட்டில் இல்லை. மீன் தொட்டி இல்லை. வெளியே வந்து, முன்வாசல் வழியாக ஓடினேன். எல்லாம் இருந்தது.

மறுநாள் பின்வாசல் வழியாகப் போனேன். காலி. முன்வாசலில் போனால் இருந்தது.

விளையாட்டில் வீட்டுக்குச் சாவி உண்டு. சாவி வைத்திருப்பவர்தான் பொருளை நகர்த்த முடியும். என்னிடம் ஒன்று, அன்வரிடம் ஒன்று. அவன்தான் எடுத்து ஒளித்து, நான் பதறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறான் என்று முடிவு செய்தேன். ஒரு நோயாளியிடம் இப்படி விளையாடுவானா என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நேரில் கேட்க வாய் வராது. போனில் குரலைப் பதிந்து அனுப்பினேன். "நம்பித்தான சாவி குடுத்தேன். இனிமே என் வீட்டுக்கு வராத."

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அடுத்த நாளும் பின்வாசலில் நுழைந்தால் அறை காலியாகவே இருந்தது.

அப்போதுதான் பயம் வேறு மாதிரி ஆனது. எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். மாதம்மாவிடம் சொன்னபோது அவள் தோசைக் கரண்டியோடு நின்றாள். "இல்லாத வீட்ல இல்லாத கட்டிலக் காணோம்னு, இருக்குற மனுசன்கிட்ட சண்ட போட்டு வெச்சிருக்க. தெனமும் சட்னி வெக்கலன்னு என்கிட்ட சண்ட. தட்டுலயே இருக்குது, பாக்குறதில்ல" என்றாள். அன்வரை அவளே போனில் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வந்தான். முகம் கொடுத்துப் பேசவில்லை. "அண்ணி, தண்ணி குடுங்க" என்று குடித்துவிட்டு, தன் போனில் விளையாட்டைத் திறந்தான். என் வீட்டுக்குள் அவனுடைய ஆளைக் கொண்டுபோனான். என்னைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னான்.

"கட்டில் மேல உக்காந்திருக்கேன். தெரியுதா?"

"கட்டிலே இல்லயே."

"வெளயாடாத ண்ணே."

"நான் எங்கடா வெளயாடறேன்? நீதான் வெளயாடற."

அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு என் தாடையைப் பிடித்து முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பினான். திரையின் ஓரத்திலிருந்து கட்டில் வந்தது. அதன்மேல் நீலக் குல்லா போட்ட அன்வரின் ஆள் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மீன் தொட்டி, அலமாரி. எதுவும் எங்கும் போகவில்லை.

முன்வாசலுக்குப் போகச் சொல்லி, மறுபடியும் முகத்தைத் திருப்பினான். அங்கே இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் பலகைச் சுவர். மூன்று மாதத்தில் அந்தப் பக்கத்தில் நான் ஒரு பொருள்கூட வைக்கவில்லை.

"இந்தச் செவுத்துக்கு நீ சாயமே அடிக்கலியே ண்ணே" என்றான். குரல் இறங்கிவிட்டது. முன்வாசலில் நுழைந்தால் என் வலப்பக்கம் இருக்கும் பாதியில்தான் எல்லாம் வைத்திருந்தேன். பின்வாசலில் நுழைந்தால் அந்தப் பாதி இடப்பக்கம் வந்துவிடுகிறது. உடனே அது எனக்கு இல்லாமல் போகிறது.

அன்வர் போனைக் கீழே வைத்தான். "நாளைக்கு வண்டி எடுக்கப் போறியா?"

சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

"லோடு எடுத்துனு வர்றப்ப பேக்கிங் பொம்பளைங்க எந்தப் பக்கத்துலருந்து வருவாங்க?"

இடப்பக்கத்திலிருந்து. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். அதைச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்று எழுந்தான். வாசல்வரை போய், "கட்டில நான் எடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை சான்றிதழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கவனமாக ஓட்டினால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்காணிப்பாளர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தேன். எதிரே பார்த்தேன். தூண்கள், அடுக்குகள், மஞ்சள் கோடு, எல்லாம் முழுதாக இருந்தன. எங்காவது இருட்டாகவோ ஓட்டையாகவோ தெரிந்திருந்தால் கூட நம்பியிருப்பேன். ஒரு குறையும் தெரியவில்லை.

அன்வர் செய்தது போலவே நானே என் தாடையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினேன். வண்டிக்கு ஒரு கை தூரத்தில் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருவர் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஏறியபோதே வந்துவிட்டாராம். "எடுங்கண்ணா, போயிட்டப்பறம் தாண்டிக்கறேன்" என்றார். சிரித்தார்.

இறங்கினேன். சாவியைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன்.

"எனக்கு எடப்பக்கம் தெரியல சார்."

"கண்ணுல பூ கீ விழுந்திருக்கா?"

"கண்ணு நல்லாருக்குது சார். தெரியல."

அன்று மதியமே மருத்துவரிடம் போனேன். விளையாட்டு வீட்டின் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தன் இடது கை விரலை மட்டும் ஆட்டினார், தெரிந்தது. வலது கை விரலை மட்டும் ஆட்டினார், தெரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆட்டினார். என் வலப்பக்கத்து விரல் மட்டும்தான் ஆடியது. காகிதத்தில் சிறுசிறு கோடுகள் போட்டு எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். முடித்துவிட்டேன் என்று கொடுத்தேன். இடப்பக்கத்துப் பாதிக் கோடுகள் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் பார்த்தாலும் மூளை ஒரு பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளாத நிலை) என்று பெயர் சொன்னார். "இருக்கறவங்களுக்கு அது இருக்கறது தெரியாது. அன்னைக்கு ரெண்டு விரலையும் சேத்து ஆட்டிப் பாத்திருக்கணும், நானும் பாக்கல" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மருந்து கிடையாது, பழக்கம்தான். மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த அம்மா என் போனை வாங்கிப் பார்த்தார். விளையாட்டு வீட்டில் வெற்றுச் சுவரின் கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு வைக்கச் சொன்னார். உள்ளே நுழைந்ததும் முதலில் விளக்கைத் தேட வேண்டும். அது கிடைத்த பிறகுதான் மற்ற வேலை. முதல் வாரம் விளக்கைக் கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலித்தது. அந்தச் சுவருக்குப் பச்சை அடித்து முடிக்க ஒரு மாதம் ஆனது. அன்வருக்குச் சாவியைத் திரும்பக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கக் குரல் பதிந்தேன், அழித்தேன், மறுபடி பதிந்தேன். அவன், "சரி சரி, அலமாரிய நகத்து, வழில கெடக்குது" என்று பதில் அனுப்பினான்.

உங்கள் வீட்டில் ஒருவர் பக்கவாதத்திலிருந்து எழுந்திருந்தால், கையும் காலும் திரும்பியதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கக் கதவில் அடிக்கடி இடித்துக்கொள்கிறாரா, தட்டில் ஒரு பக்கத்தை மீதம் வைக்கிறாரா என்று பாருங்கள். அவரைக் கேட்காதீர்கள். அவருக்குத் தெரியாது.

எனக்கு இனி வண்டி இல்லை. இப்போது பேக்கிங் பிரிவில் பெட்டிகளில் சீட்டு ஒட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் இருமடங்கு நேரம் ஆகிறது. சட்டை போட, ரோட்டைத் தாண்ட, ஒரு பெட்டி முழுதாக ஒட்டப்பட்டதா என்று பார்க்க. வலப்பக்கம் எப்போதும்போல் உடனே இருக்கிறது. இடப்பக்கம் தாமதமாக வருகிறது. சாப்பாட்டுக்குப் போகும்போது மஞ்சள் கோட்டின் முன் நின்று தலையைத் திருப்புகிறேன். முதலில் எதுவும் வருவதில்லை, வெறும் வெளிச்சம்தான். பின்னால் நிற்பவர்கள் நகரச் சொல்கிறார்கள். நான் நகர்வதில்லை. ஒரு தூண் வருகிறது, பிறகு இன்னொரு தூண், பிறகு வண்டி ஏதும் இல்லாத நீளமான தரை. எல்லாம் வந்த பிறகு, கடைசியாக, என் இடது கை வந்து சேர்கிறது. அதன் பிறகு காலை எடுத்து வைக்கிறேன்.