கிளட்ச்சும் மிதிக்கட்டையும்

லைசென்ஸ் விதிகளை ஆசையாகப் படிக்கிற ஆள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். பதினெட்டு முடிந்த வாரமே எல்.எல்.ஆர். போட்டேன். முப்பது நாள் எப்போது முடியும் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்து, முதல் தடவையிலேயே கார் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வேலைக்குப் போனதும் ஒரு பழைய கார் வாங்கினேன். ஆர்.சி.யோடு, பழைய சொந்தக்காரர் பெயரில் இருந்த இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் மாற்ற எழுதிக் கொடுத்தேன். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறவே கூடாது என்று வீட்டில் வகுப்பும் எடுத்தேன். அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"காரு நம்முது, காசு கட்டுறது நாம. இன்சூரன்ஸ் மட்டும் ரோட்ல போற எவனோ ஒருத்தனுக்கா?"

"நீ போய் மோதினா அவனுக்கு யாருபா குடுப்பாங்க?"

"நான் ஏம்மா மோதப்போறேன்? அந்த வண்டியத் தொடவே மாட்டேன்."

சொன்னபடியே அவர் தொடவில்லை. தொட்டது அம்மா.

காரணம் மாகறலில் இருக்கும் பெரியம்மா. முழங்கால் வலியால் அவருக்கு பஸ் படி ஏற முடியாது. தங்கை வீடான எங்கள் வீட்டுக்கு அவர் வந்தே இரண்டு வருஷமாகிவிட்டது. ஒருநாள் போனில் அம்மா, "நானே காரு ஓட்டினு வந்து உன்னக் கூட்டினு வரேன்க்கா" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா சிரித்த சிரிப்பு அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது. "தறிக்குழிய விட்டு ஏறவே உனுக்கு அரை நாள் ஆவுது. நீ காரு ஓட்டப்போறியாடி?"

அம்மா போனை வைத்த கையோடு கேட்டார்: "எல்.எல்.ஆர். எங்க போடணும்?"

ஐயம்பேட்டை போகும் வழியில் ஒரு காலி மைதானம் இருக்கிறது. முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டி, லைசென்ஸ் உள்ள நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாளே அசந்துபோனேன். வண்டியை அவ்வளவு மெதுவாக, ஒரு குலுங்கல் இல்லாமல் நகர்த்தினார். எனக்கே அது வர ஒரு மாதம் ஆனது. தறியில், குழிக்குள் கால் வைக்கும் மிதிக்கட்டைகளில் ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறும். கிளட்ச்சிலிருந்து இடது கால் ஏற ஏற, ஆக்சிலேட்டரில் வலது கால் இறங்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக அம்மாவின் கால்கள் செய்யும் வேலைதான் அது.

வண்டியை நிறுத்தச் சொன்னபோதுதான் வினை. நிறுத்தும்போது இரண்டு காலும் சேர்ந்து இறங்க வேண்டும். தறியில் அது ஆகவே ஆகாது. இரண்டையும் ஒன்றாக மிதித்தால் பாவு நூல்கள் மேலும் கீழுமாக விரியாமல், ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடா நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் அம்மா பிரேக்கை மிதித்ததும் இடது கால் தானாக மேலே வந்துவிடும். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோகும்.

கியர்பாக்ஸ் படம் வரைந்து காட்டினேன்.

"படம் எனக்குப் புரியுதுமா. காலுக்குத்தான் புரியல."

ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிப்போயின. பட்டுப்புடவை ஆர்டர் குவியும் கல்யாண மாதங்களில் அம்மாவால் தறியை விட்டு எழ முடியவில்லை. எல்.எல்.ஆரின் ஆறு மாதம் முடியும் தறுவாயில்தான் டெஸ்டுக்குப் போனோம். எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து, "நிறுத்துங்கம்மா" என்றார். வண்டி குதித்தது. அவருடைய பேனாவும் குதித்தது. மறுபடி வர ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆரில் மிச்சம் இருந்ததோ ஒன்பது நாள்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா வுட்டுடுவேன்" என்றார் அம்மா. "திரும்பவும் மொதல்லேர்ந்து எல்.எல்.ஆர். போட்டுக்கினு எவ இருப்பா. அக்கா சிரிச்சது சரின்னு ஆயிடும், அவ்ளோதான்."

மறுநாள் மத்தியானம் வெளியே வந்து பார்த்தால், வாசலில் நின்ற காருக்குள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். இன்ஜின் ஓடவில்லை. இரண்டு கணுக்காலையும் கழிவுப் பட்டு நூலால் சேர்த்துக் கட்டியிருக்கிறார். இரண்டும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொண்ணு உன்னக் கட்டிப்போட்டுட்டாளா?"

"காலுக்கு ட்யூஷன் நடக்குது. தொந்தரவு பண்ணாத போ."

ஐந்து நாள், சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் இந்த ட்யூஷன். ஆறாம் நாள் நூலை அவிழ்த்தார்.

எட்டாம் நாள் இரண்டாவது டெஸ்ட். அதே அதிகாரி பேனாவைச் சட்டைப்பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டு ஏறினார். அம்மாவின் காலைப் பார்த்து, "செருப்பு எங்கம்மா?" என்றார்.

"செருப்போட யாரு சார் தறியில எறங்குவாங்க?"

நான் வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது, திரும்பியது, பின்னால் வந்தது. கடைசியில் என் எதிரே வந்து நின்றது. நின்றதே தெரியவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. இறங்கிய அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "போன வாரம் வந்தது உங்க தங்கச்சியாம்மா?" என்று கேட்டார். அம்மா வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லைசென்ஸ் நம்பர் போனில் தெரிகிறவரை தனியாக ஓட்டக்கூடாது என்று சாவியை நானே வைத்துக்கொண்டேன். நம்பர் வந்த அன்று சாயங்காலம் அம்மா தறியில் இருந்தார். ஓடிப்போய்க் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் நாடாவை ஓட்டிவிட்டார். டக்கென்று ஒரு சத்தம். இரண்டு காலும் சேர்ந்து இறங்கியிருந்தன. பாவுக்கு நடுவில் நாடா மாட்டி, நாலைந்து இழை அறுந்துவிட்டது.

பக்கத்துத் தறியிலிருந்து அப்பா கேட்டார்: "இன்னாம்மா, பிரேக் போட்டுட்டியா?"

அம்மா அறுந்த இழைகளைப் பார்த்தார். வழக்கமாக இழை அறுந்தால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. அன்றைக்கு அவர் குழியிலிருந்து மேலே ஏறினார். அரை நொடிதான் ஆகியிருக்கும்.

"இத நாளைக்கு வந்து முடிஞ்சுக்கிறேன்" என்று என்னிடம் கையை நீட்டினார். "சாவியக் குடு. காலைல மாகறல் போவணும்."