அண்ணி பிடித்த வாணம்

எங்கள் அண்ணி நீலாம்பாளுக்குச் சாமி என்றால் உயிர். வாணவேடிக்கை என்றால் அதற்கும் ஒரு படி மேல். இரண்டும் ஒன்றாக வந்து நின்றால் அந்த மனுஷிக்குத் தலைகால் புரியாது. கூத்தே அதில்தான்.

காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிக்கு டிசைன் போடுகிறவர் அண்ணி. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவார். அது அட்டையில் துளையாகி, தறியில் ஏறி, முந்தானையில் பூவாக விழும். மாங்காய், அன்னம், யாளி என்று யார் யாரோ எப்போதோ போட்டதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "என் மண்டையில இருந்து ஒண்ணாவது வரணும், இளவரசி" என்று என்னிடம் புலம்புவார். இந்த வருஷம் கடைக்காரர் ஆனந்தகுமாரிடம் வாயைவிட்டுவிட்டார்: முந்தானை முழுக்க வாணம் விரிகிற மாதிரி புது டிசைன். அவரும், "திருவிழா முடிஞ்சதும் காட்டுங்கம்மா. புடிச்சா தறியில ஏத்தலாம். இல்லைன்னா பழைய மாங்காவே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வரைய வேண்டுமானால் வாணம் விரிந்த படம் வேண்டுமே! நெட்டில் ஆயிரம் கிடக்கிறது என்றேன். "அது எந்த ஊரு வாணமோ. எனக்கு நம்ம தெரு வாணம்தான் வேணும்" என்று ஒரே பிடிவாதம்.

எங்கள் தெரு வாணத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பங்குனித் திருவிழாவில் சாமி எங்கள் முக்குத் திரும்பும்போதுதான் அதை விடுவோம். அது எங்கள் தெரு உபயம். மேலே வாணம் வெடிக்கிற அதே நேரம் கீழே சாமி. அண்ணியின் இரண்டு கையும் தானாகத் தலைக்கு மேல் போய்விடும், ஃபோனோடு சேர்த்து. வருஷா வருஷம் அவர் எடுத்த படத்தில் இருந்ததெல்லாம் உள்ளங்கை இருட்டும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

இந்த முறை, கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் கமலிடம் கேட்டோம். ஸ்டாண்டையும் கொடுத்துப் பாடமும் நடத்தினார். "ஃபிளாஷ் வேணாங்க்கா, வானத்துக்கு எட்டாது. ஜூம் பண்ணாதீங்க, எங்க விரியும்னு யாருக்குத் தெரியும்? ஃபோகஸை தூரத்துல கோபுரத்து மேல வெச்சுப் பூட்டிடுங்க. ஷட்டர் ரெண்டு மூணு செகண்ட் தொறந்தே இருக்கட்டும், அப்பதான் கோடு கோடா விழும். முக்கியமா கை படக்கூடாது, ஆடிடும். டைமர் போட்டுட்டு நகர்ந்துடுங்க. மொத வாணத்தையே புடிச்சிடுங்க, அப்பால எல்லாம் புகைதான்."

மாடியில் ஸ்டாண்டை நிறுத்தி, காற்றுக்கு ஆடாமலிருக்க நடுவில் ஒரு பை மணலைத் தொங்கவிட்டேன். மேளம் நெருங்கியது.

"அண்ணி, இன்னிக்கு மட்டும் கும்புடாதீங்க. சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்றேன்.

"வாயை மூடுடி! நான் என்ன கொழந்தையா?"

சர்ரென்று முதல் வாணம் ஏறியது. அண்ணி டைமரை அழுத்தினார். அழுத்தியவர் பின்னால் நகர வேண்டியதுதானே? ஃபோனுக்கு முன்னால் ஓடி, கைப்பிடிச் சுவரோரம் நின்று, கீழே வரும் சாமியைப் பார்த்து "ஏகாம்பரநாதா!" என்று இரண்டு கையையும் கூப்பித் தூக்கிவிட்டார். "ஐயோ அண்ணி, கையை இறக்குங்க!" என் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். அதற்குள் காற்றும் எங்கள் பக்கம் திரும்பி, அடுத்தடுத்த வாணமெல்லாம் புகைக்குள் போய்விட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "சாமி எங்க போவப் போவுது? வருஷா வருஷம் வந்துக்கினுதானே இருக்குது!" என்று கத்தினேன். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "போச்சுடி, மறுபடியும் மாங்காதான்" என்று அவர் சொன்னபோது எனக்கே பாவமாகிவிட்டது.

சும்மா ஃபோனை எடுத்துப் பார்த்தேன். கையே படாத படம், துளி ஆட்டமில்லை. வாணம் முழுசாக விரிந்து, இழை இழையாக ஜரிகை மாதிரி நின்றது. அடியில் நடுவாக, கூப்பிய இரண்டு கை, கறுப்பாக. அந்தக் கையிலிருந்துதான் வாணமே கிளம்பியது போலிருந்தது.

"அண்ணி, இங்க பாருங்க! கையை மட்டும் வெட்டிட்டா போதும், ஃபோன்லயே முடியும்" என்றேன்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சும்மா இரு. பூ இருந்தா காம்பு வேணாமா?"

திருவிழா முடிந்ததும் டிசைனைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆனந்தகுமார் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "வாணம் ஜோரா இருக்குது. அடியில இந்தத் தாமரை மொட்டை எங்கம்மா புடிச்சீங்க? அதுதான் தூக்கிக் குடுக்குது. ஏத்திடுங்க தறியில."

அண்ணி தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கடையில் இப்போது தாமரை மொட்டு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விற்கட்டும். அந்தச் சேலை கட்டிய ஒவ்வொருத்தி முந்தானையிலும் எங்கள் அண்ணி சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.