குடை அண்ணனும் மஞ்சள் கைக்குட்டையும்

போன வாரம் மழை விட்ட ஒரு சாயங்காலம் ஸ்கூடாயில் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போயிருந்தேன். மகன் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டே இருந்தான். நான் பொறுமை போய் இறங்கி நடந்தேன். கச்சான் கடலைக் கடைக்காரர் ஒருவர் கூடாரத் துணியில் தேங்கியிருந்த தண்ணீரை உதறினார். அத்தனையும் என் மேல்.

"அலமாக்! மன்னிச்சிருங்கம்மா, பாக்கல."

"பரவால்லப்பா. இன்னொரு தடவ உதறு."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும். ஈரமான கேன்வாஸ் துணியின் வாசனை உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது மூக்கில் ஏறினால் கால் தானாகத் தாளம் போடும். அந்த வாசனைக்கு உள்ளே மெர்சிங் கடற்கரை இருக்கிறது. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முந்திய மெர்சிங். அதில் ஓர் ஆகஸ்ட் விடுமுறை.

நான் அப்போது குளுவாங்கில் ஒரு பெண்கள் பள்ளியில் புது டீச்சர். புது டீச்சர் என்றால் சேலைக்கு நாலு ஊசி குத்திக்கொண்டு, பிள்ளைகளைவிட அதிகமாகப் பயந்துகொண்டு வகுப்புக்குள் நுழைகிறவள். ஒருநாள் தலைமையாசிரியை, பெரிய மிஸ், கூப்பிட்டு, விடுமுறையில் ஆசிரியைகளுக்கு ஒரு முகாம் நடக்கிறது, கடற்கரையில் கூடாரத்தில் தங்கிப் பல நாட்டு நாட்டுப்புற ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது சாப்பிடும்போதுதான் உறைத்தது.

அப்பா ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தவர். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்.

"ஆட்டமா? என்ன ஆட்டம்?"

"டிரில்லு மாதிரிங்கப்பா. பாட்டு வச்சு டிரில்லு."

"டிரில்லுக்கு எதுக்குப் பாட்டு?"

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பெரிய மிஸ் சொல்லிப் போகலன்னா வேலை நெலைக்குமா?" என்றார். அப்பாவின் கவலை வேறு. பத்து பகாட் ஊர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசராக இருந்த ஒருவருக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோ வந்திருந்தது. பூச்சாடியைப் பிடித்துக்கொண்டு, யாரோ மிரட்டி நிறுத்தியதுபோல ஒரு மனிதர். அவருடைய தாய்மாமனுக்கு மெர்சிங்கிலேயே துணிக்கடை. பெண் கடற்கரையில் குதிக்கிறாள் என்று அவர் காதில் விழுந்தால் என்ன ஆவது?

கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அண்ணன் காவலுக்குப் போக வேண்டும்.

என் அண்ணன் பெயர் சிங்காரம். பெயரில் இருந்தது முகத்தில் ஒரு துளியும் கிடையாது. ரப்பர் பால் வெட்டுகிற கித்தா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, மழையோ வெயிலோ கையில் கறுப்புக் குடை, காலையில் ஆளெண்ணும்போது தோட்டமே மூச்சுவிடாமல் நிற்குமாம். வீட்டிலும் அப்படித்தான். அவர் பல் வரிசை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

"பாப்பாவ விட்டுக் கண்ண எடுக்காத," என்றார் அப்பா.

"சரிங்கப்பா," என்றார் அண்ணன், புதுத் தோட்டத்துக்கு மாற்றல் ஆனவர்போல.

குளுவாங்கிலிருந்து லோரியில் போனோம். காஹாங் ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு. மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போகும். இப்போது அங்கே செம்பனைதான் கண்ணுக்கு எட்டிய மட்டும் நிற்கிறது. அன்று எனக்கு வாந்திதான் கண்ணுக்கு எட்டியது. அண்ணன் வழியெல்லாம் என் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். லோரிக்குள் எதற்குக் குடை என்று கேட்கிற தைரியம் யாருக்கு உண்டு?

முகாமை நடத்தியவர் டென்மார்க்கிலிருந்து வந்த மிஸ். எல்லாரும் கிறிஸ்டின் மிஸ் என்போம். சோளக்கொண்டை நிறத்தில் தலைமுடி, வெயிலில் இறால்போலச் சிவந்த மூக்கு, மார்பில் எப்போதும் ஓர் அக்கார்டியன். அந்தப் பெட்டி விரிந்து சுருங்கும்போது அவரும் சேர்ந்து விரிந்து சுருங்குவதுபோல இருக்கும். அவருக்குத் துணையாக அந்த ஊர் மீனவர் பாக் மாட், வயலினோடு. கல்யாண வீடுகளில் ஆடுகிற மலாய் ஜோகேட் ஆட்டத்துக்கு வாசிக்கிறவர். ஒரு பேச்சு இல்லாமல் இரண்டு பேரும் ஒருவர் மெட்டை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

என் கூடாரத்துத் துணை மூவாரிலிருந்து வந்த சியூ லான். கொடிக்கம்பம் உயரம். முதல் நாளே நான் தப்புப் பக்கம் திரும்பி அவள் மூக்கில் தலையால் முட்டினேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

மிஸ் தன் பாஷையில்தான் எண்ணுவார். "ஏன், தோ, த்ரே!" ஒன்று, இரண்டு, மூன்று என்று அர்த்தமாம். எங்கள் காதில் விழுந்தது "ஏன்? தோ!" சவுக்கு மரத்தடியில் குடையோடு உட்கார்ந்திருந்த அண்ணன், "ஏன்னுதான் நானும் கேக்குறேன்," என்று முனகியது எனக்குக் கேட்டது. அவர் வாயிலிருந்து வேடிக்கைப் பேச்சா? எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான்.

ஆட்டங்கள் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றில் கைதட்டிக்கொண்டே வட்டமாக ஓடவேண்டும். ஒன்றில் ஸ்காட்லாந்துக்காரர்கள்போல நுனிக்காலில் குதிக்கவேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் குதித்ததைப் பார்த்து ஒரு கோழி பறந்தே போய்விட்டது. பாக் மாட் வாசிக்க ஜோகேட் ஆடினோம். சியூ லான் ஒரு படகுப்பாட்டுச் சொல்லித்தந்தாள். என் முறை வந்தபோது திருதிருவென்று விழித்தேன். இங்கிலீஷ் பள்ளியில் படித்த எனக்குக் கும்மிகூட ஒழுங்காகத் தெரியாது. கூடாரத்துக்குப் பின்னால் அண்ணன்தான் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, தோட்டத்துப் பெண்கள் பொங்கலுக்கு அடிக்கிற கும்மியை அடித்துக் காட்டினார். "வருசா வருசம் ஆபீஸ் சன்னல்லருந்து பாக்குறதுதான்," என்றார், நான் எதுவும் கேட்காமலேயே.

முகாமில் ஆட வந்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஆகவே பாதிப் பேர் கையில் சிவப்புக் கைக்குட்டை கட்டி ஆண்கள் ஆவார்கள், பாதிப் பேர் மஞ்சள் கட்டிப் பெண்களாகவே இருப்பார்கள். கையைப் பிடிக்கத் தயங்குகிறவர்களுக்காக மிஸ் ஒரு யோசனை செய்திருந்தார். இருவருக்கும் நடுவே இன்னொரு கைக்குட்டை. ஆளுக்கு ஒரு முனை. கடைசி நாள் நிகழ்ச்சிக்கு வைத்திருந்த பெரிய ஆட்டத்துக்கு எட்டுப் பேர்; நானும் அதில் ஒருத்தி. ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் நொண்டிவிடும்.

அந்த எட்டில் ஒருத்தி சியூ லானின் ஜோடி. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் நண்டு வளையில் கால் வைத்து அவளுக்குக் கணுக்கால் வீங்கிப்போனது. மற்றவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியாது. மிஸ் ஒரு சுற்றுப் பார்த்தார். நேராகச் சவுக்கு மரத்தடிக்குப் போய்க் கையை நீட்டினார்.

"மிஸ்டர் அம்பிரெல்லா, கம்!"

அண்ணன் எழுந்து நின்றார். கோபத்தில் எழுந்தாரா மரியாதைக்கு எழுந்தாரா தெரியவில்லை. என்னைப் பார்த்து, "உன்னப் பாத்துக்கத்தான் அப்பா அனுப்புனாரு," என்றார்.

"பக்கத்துலயே நின்னு பாத்துக்கலாம்லண்ணே," என்றேன். எங்கிருந்து எனக்கு அந்த வாய் வந்ததோ.

அவர் யோசித்தார். அதில் ஏதோ நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். குடையை மடித்து மரத்தில் சாத்திவிட்டு வந்தார். விட்டுப்போனது பெண்ணின் இடம். சியூ லான் சிவப்பு. ஆகவே என் அண்ணனுக்கு மஞ்சள். மிஸ் அதை அவர் கையில் கட்டும்போது தோட்டத்து ஆட்கள் பார்க்கவேண்டுமே என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலில் அவர் தொண்டைக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஆடினார். ஆனால் ஒரு தப்பு இல்லை. இத்தனை நாள் மரத்தடியில் உட்கார்ந்து காவல் காத்தாரா, பாடம் படித்தாரா? ஜோடியைச் சுற்றி வேகமாகத் திரும்புகிற இடம் வந்தது. சியூ லான் கைக்குட்டை முனையைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினாள். அப்போது ஒரு சத்தம் கேட்டது. தகரக் கூரையில் ரம்புத்தான் பழம் கொட்டுவதுபோல. யார் என்று திரும்பிப் பார்த்தால், என் அண்ணன் சிரிக்கிறார்! பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மிஸ்ஸுக்கும் வந்துவிட்டது, அக்கார்டியன் எங்கேயோ போக, பாக் மாட் ஒருவர் மட்டும் விடாமல் வாசித்தார். எல்லாரும் மணலில் உட்கார்ந்துவிட்டோம். அண்ணன்தான் முதலில் எழுந்து, "இன்னொரு தடவ," என்றார்.

மறுநாள் சாயங்காலம் நிகழ்ச்சி. ஊர்ப் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் கோட்டும் தங்கச் சங்கிலியுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். துணிக்கடைக்காரர். பத்து பகாட்டுக்காரரின் தாய்மாமன். நான் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, அவரு வந்திருக்காரு. நீங்க ஆட வேணாம். மரத்தடிக்குப் போயிருங்க."

அண்ணன் அவரைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். பிறகு என்னிடம், மெதுவாக, "பாப்பா, உனக்கு அந்த மாப்பிள்ளையப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

நம்புங்கள், அந்த நிமிடம்வரை என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. அப்பா ஜாதகம் கேட்டார், அம்மா நகை கேட்டார், போட்டோவைப் பார்த்தாயா என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். பிடித்திருக்கிறதா என்று இவர்தான் கேட்டார். பூச்சாடிதான் நினைவுக்கு வந்தது. தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினேன்.

"அப்ப வா," என்று சொல்லி முடிச்சை இறுக்கிக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு என் அண்ணன் ஆடியதுபோல யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. சியூ லானுக்கு முட்டி மடக்கி வணக்கம் வைத்தார், திரும்பினார், தட்டினார், வாய்விட்டுச் சிரித்தார். ஊர் மக்கள் ஓவென்று கத்தினார்கள். நான் தடுக்கி விழாமல் இருக்கவேண்டுமே என்று காலையே பார்த்துக்கொண்டு ஆடினேன். முடிந்து நிமிர்ந்தால் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி.

நாங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் அந்த மனிதர் குளுவாங்குக்கே வந்துவிட்டார். நானும் அம்மாவும் திரைக்குப் பின்னால்.

"பொண்ணப் பத்தி ஒரு குறையும் இல்லீங்க. தலையக் குனிஞ்சு அடக்கமா டிரில்லு பண்ணுச்சு. உங்க மகன்தான்..." அவர் குரல் தாழ்ந்தது. "பொம்பளையா நின்னு ஆடுனாருங்க. சிரிச்சாரு. வாயத் தொறந்து சிரிச்சாரு. எங்க குடும்பத்துக்கு இது ஒத்து வராது."

பிறகு அப்பாவின் குரல்.

"சிரிச்சானா? யாரு, சிங்காரமா?"

சம்பந்தம் முறிந்துபோனதைவிட அவரால் நம்ப முடியாதது அதுதான். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். சாயங்காலம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே நீ அவன விட்டுக் கண்ண எடுக்காத," என்றார். நான் ரொம்ப அடக்கமாகச் "சரிங்கப்பா" என்றேன்.

பிறகு பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டங்களைச் சொல்லித்தந்தேன். சில வருடம் கழித்து, நானே சரியென்று தலையாட்டிய ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அண்ணன் மறுபடி பழைய கிராணிதான். ஆளெண்ணும்போது தோட்டம் மூச்சுவிடாது. சவரம் செய்யும்போது மட்டும் அந்த ஆட்டத்து மெட்டை முனகுவார். அண்ணிக்கு அது ஏதோ சாமி பாட்டு என்று நினைப்பு.

சண்டைக்கு முன்னால் மிஸ் கப்பலேறிவிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் கூடாரம் போட்ட மணலில் முள்கம்பி போட்டுக் கண்ணிவெடி புதைத்தார்கள். ஜப்பான்காரன் போன பிறகு மூவாருக்குப் போய் சியூ லான் வீட்டைத் தேடினேன். கதவைத் திறந்தவர்களுக்கு அப்படி ஒரு பெயரே தெரியவில்லை. பாக் மாட்டின் மீனவக் கிராமம், அந்தக் கம்பம், இருந்த இடத்தில் பிறகு கல் கட்டடம் வந்தது.

அண்ணன் இருந்தவரை எனக்குக் கவலை இல்லை. மெட்டு மறந்தால் கேட்பேன். சுற்றிப் பார்த்துவிட்டு முனகிக் காட்டுவார். அதற்கு இசைத்தட்டு கிடையாது, எழுதியும் யாரும் வைக்கவில்லை. மிஸ்ஸின் ஊர்ப் பாட்டும் பாக் மாட்டின் ஜோகேட்டும் அந்த மணலில் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பிறந்த மெட்டு அது. வேறு எங்கே தேடுவது? அவர் காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு, சமையலறையில் தனியாக நின்று முனகிப் பார்த்தேன். முதல் அடி சுத்தமாக வந்தது. அடுத்தது வரவில்லை. இன்னும் வரவில்லை.