என் காதைச் சோதித்த கடிகாரம்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ராஜபாளையம் முழுக்க நான் செவிடு என்றுதான் பேச்சு. மம்சாபுரத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்த ஒருவர், முற்றத்தில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த என்னை முதுகுப் பக்கமிருந்து, "ஏட்டி, தண்ணி கொண்டா" என்றார். வந்த அன்றைக்கே ஏட்டியா என்று எனக்குச் சுருக்கென்றது. திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை. அவ்வளவுதான், பொழுது சாய்வதற்குள் பெண்ணுக்குக் காது மந்தம் என்ற செய்தி தளவாய்புரம் வரைக்கும் போய்விட்டது. எங்கள் வீடு பஞ்சு மில்லை ஒட்டி இருந்ததால், அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது என்று காரணமும் சொல்லிக்கொண்டார்கள்.

அவர் போனால் போகட்டும். என் மனசு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அப்பாவின் தங்கச்சி மகன், எனக்கு முறை அத்தான், அங்கே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். கட்டினால் அவரைத்தான் என்று பாவாடை கட்டின வயசிலேயே முடிவு செய்துவிட்டேன். அத்தைக்கும் சம்மதம்தான். ஆனால் இந்தப் பேச்சு எட்டியதும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள்.

அத்தானுக்கோ அப்போது காதுப் பைத்தியம் பிடித்திருந்தது. மனுஷக் காது எவ்வளவு சின்னச் சத்தம் வரைக்கும் கேட்கும் என்று சீமையில் ஆராய்ச்சி நடப்பதை எதிலோ படித்துவிட்டார். எங்கள் ஊர் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் அவர் ஊர்க் கோயில் தெருக்காரர்களுக்கும் கேட்கும் தூரம் ஒன்றுதானா என்று தானே பார்க்கக் கிளம்பினார். ஆளை உட்காரவைத்துத் துண்டால் கண்ணைக் கட்டுவார். சட்டைப்பைக் கடிகாரத்தைக் காதருகே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போய், கேட்கிறதா கேட்கிறதா என்று கேட்பார். ரெண்டு ஊரிலும் அவரைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இதுவும் நல்லதுதான் என்று அத்தை ஒருநாள் மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மில் லீவு, தெருவே நிசப்தமாக இருந்தது.

அத்தான் முதலில் மற்றவர்களைச் சோதித்தார். அப்பாவுக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள், கேட்கிறது கேட்கிறது என்று தெலுங்கிலேயே சொன்னாள். அத்தைக்கு வாசற்படியில் வைத்தபோதுகூட ஜோராகக் கேட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான். விருந்தாளி ஆசையாக ஒன்றைக் காட்டிக் கேட்டால், இல்லை என்று சொல்லி அவர் முகத்தை வாடவைக்க மாட்டோம். ஆனால் எல்லாரும் கேட்கிறது என்று சொல்லச் சொல்ல, அத்தானின் முகம் என்னவோ சுருங்கிக்கொண்டே போனது.

கடைசியில் என் கண்ணைக் கட்டினார். டிக் டிக் என்று கேட்டது, சொன்னேன். தள்ளிப் போனார், அப்போதும் கேட்டது. பிறகு அத்தான் கையின் சாக்கட்டி வாசனை கிட்டே வந்தது.

"இப்ப காதுகிட்டயே வச்சிருக்கேன். கேக்குதா?"

ஒன்றுமே கேட்கவில்லை. உண்மையிலேயே செவிடாகிவிட்டேனா? அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள், ஆமாம் என்று சொல்லடி என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒரே வார்த்தைதான், சொன்னால் அத்தான் எனக்கு. ஆனால் பொய் சொல்லிக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தை எப்படி ஆயுசுக்கும் பார்ப்பது? அதோடு, கிள்ளிச் சொல்லவைத்தால் சொல்கிற ஜாதியும் நானில்லை.

"கேக்கல, அத்தான்."

அம்மா அழுதேவிட்டாள். அத்தை பெருமூச்சு விட்டு எழுந்து, வண்டியைப் பூட்டச் சொன்னாள். என் கண்ணில் கட்டியிருந்த துண்டும் நனைந்தது.

அப்போது பார்த்து அத்தான் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! துண்டை அவிழ்த்தால் அவர் உள்ளங்கையில் ரெண்டு கடிகாரம். ஒன்று ஓடுவது. மற்றது அவருடைய தாத்தா காலத்தது, ஓட்டம் நின்று பல வருஷமாகிவிட்டது. நடுநடுவே அந்தச் செத்த கடிகாரத்தைக் காதருகே பிடித்து, சொல்வது நிஜமா என்று பார்ப்பாராம். இதுவரை எல்லாருக்கும் அதுவும் கேட்டிருக்கிறது. ஆராய்ச்சியையே மூட்டை கட்டிவிடலாம் என்று நொந்துபோய் இருந்தாராம் பாவம்.

"யம்மா, ஓடாதத ஓடலன்னு சொல்ல ரெண்டு ஊருலயும் இந்த ஒரு காதுதான் இருக்கு" என்றார்.

அத்தை அந்த ஓடாத கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்தாள். குலுக்கிவிட்டு மறுபடியும் வைத்தாள். அப்போதே சந்தேகப்பட்டதாகக் கூசாமல் சொன்னாள். தெலுங்கு அம்மாள் சிரித்த சிரிப்பில் வத்தலைக் கொத்த வந்த காக்காய்கூடப் பறந்துவிட்டது. பிறகு அத்தை, "வண்டிய அவுத்துப் போடுங்க. மருமகளுக்குப் பூ வச்சிட்டுத்தான் போறேன்" என்றாள். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

கல்யாணமாகி எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒருநாள், அன்றைக்கு நானும் கேட்கிறது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"அப்பவும் ஒன்னத்தான் கட்டியிருப்பேன். ஆராய்ச்சியத்தான் விட்டிருப்பேன்" என்றார்.

எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லவைத்தேன்.